செயற்கை நுண்ணறிவு மானியத்துக்குத் தரகர் எதற்கு?

கேள்வி: பின்னலாடைத் துணியில் உள்ள ஓட்டை, எண்ணெய்க் கறை ஆகியவற்றைக் கேமரா மூலம் கண்டறியும் மென்பொருளைத் திருப்பூரில் தனி உரிமையாளராக உருவாக்கி வருகிறேன். ‘இந்தியா ஏஐ’ திட்டத்தில் 40 சதவீத மானியம் வங்கிக் கணக்குக்கே வந்துவிடும், பதிவுச் செலவு 35,000 ரூபாய் என்கிறார் ஓர் ஆலோசகர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மத்திய அமைச்சரவை 2024 மார்ச் 7 அன்று 10,371.92 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்த இத்திட்டத்தில் பல பிரிவுகள் உண்டு. உங்களுக்குப் பயன்படக்கூடியது கணினித் திறன் வழங்கும் பிரிவு. அதில் கிடைப்பது ரொக்கம் அன்று. ஜிபியு எனப்படும் திறன்மிகு கணினிச் சில்லுகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும்போது, அந்த வாடகையில் அதிகபட்சம் 40 சதவீதம் குறைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சலுகை போக ஒரு மணி நேர வாடகை 100 ரூபாய்க்கும் குறைவாக இருக்கும் என்று 2025 ஜனவரியில் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். 100 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், 40 சதவீதம் குறைக்கும் முன் வாடகை ஏறத்தாழ 167 ரூபாய்; மணிக்கு உங்களுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 67 ரூபாய். 100 மணி நேரம் பயன்படுத்தினால் 6,700 ரூபாய். அதற்காகவா 35,000 ரூபாய்?

தகுதிப் பட்டியலில் புத்தொழில் (ஸ்டார்ட்அப்) நிறுவனங்களோடு குறு, சிறு நிறுவனங்களும் உள்ளன. ஆகவே ஆதாரும் பான் எண்ணும் கொண்டு அரசு இணையதளத்தில் நீங்களே ‘உத்யம்’ எனப்படும் குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவைச் செய்துகொள்ளுங்கள்; அதற்குக் கட்டணம் கிடையாது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என்னிடம் வந்த பவர் டேபிள் (கூலிக்கு ஆடை தைக்கும் கூடம்) உரிமையாளர் ஒருவர் லேமினேட் செய்த சான்றிதழைப் பெருமையோடு நீட்டினார். முகவரியைத் திருத்த முயன்றபோதுதான், பதிவில் இருந்தது தரகரின் கைப்பேசி எண் என்பது தெரிந்தது. ஓடிபி முழுவதும் அவருக்கே போய்க்கொண்டிருந்தது. உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் தவிர வேறு எவருடையதையும் பதிவில் இடம்பெற விடாதீர்கள்.

“பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிடலாம், புத்தொழில் அங்கீகாரம் வாங்கித் தருகிறேன்” என்பது அந்த ஆலோசகரின் அடுத்த பேச்சாக இருக்கும். தனி உரிமையாளருக்கு அந்த அங்கீகாரம் இல்லை என்பது உண்மையே. தனியார் நிறுவனம் (பிரைவேட் லிமிடெட்), எல்எல்பி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, பதிவு செய்த கூட்டாண்மை ஆகியவை விண்ணப்பிக்கலாம். அந்த அங்கீகாரத்துக்கும் அரசுக் கட்டணம் இல்லை. ஆனால் ஏற்கெனவே நடந்துவரும் தொழிலைப் பிரித்தோ மறுசீரமைத்தோ தொடங்கிய நிறுவனத்தைப் புத்தொழிலாகக் கருதக் கூடாது என்று விதி இருக்கிறது. பழைய பில் புத்தகமும் பழைய வாடிக்கையாளர்களும் அப்படியே இருக்க, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால் விண்ணப்பம் அந்த விதியில் இடறக்கூடும். நிறுவனமாக்கிய பின் ஆண்டுதோறும் தணிக்கைச் செலவும் சேரும். உண்மையிலேயே பங்குதாரர் ஒருவரோடு புதிய தொழில் தொடங்குவதானால் மட்டும் அந்த வழியை யோசியுங்கள்.

இந்திய மொழிகளுக்காகவே ‘பாஷிணி’ என்ற மொழிபெயர்ப்புத் தளத்தை உருவாக்கி, இத்திட்டத்தையும் நடத்தும் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், யார் விண்ணப்பிக்கலாம், எப்படி விண்ணப்பிக்கலாம் என்பதை இரண்டு பக்கத் தமிழில் எழுதி ஒவ்வொரு மாவட்டத் தொழில் மையத்திலும் ஒட்டிவைப்பது அத்தனை கடினமா? அதைச் செய்தாலே பாதித் தரகர்களுக்குப் பிழைப்பு இருக்காது.

விண்ணப்பிக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை துணிப் படங்கள் கைவசம் உள்ளன, அவற்றில் எத்தனைக்குக் குறை இன்னதென்று அடையாளமிட்டிருக்கிறீர்கள், அவற்றைக் கொண்டு மென்பொருளைப் பயிற்றுவிக்க எத்தனை மணி நேரம் தேவை. படங்கள் சில ஆயிரம்தான் என்றால், சாதாரண ஜிபியு பொருத்திய ஒரு கணினியே பெரும்பாலும் போதும். மானியத்துக்குக் காத்திருக்காமல் அதில் தொடங்குங்கள்.