30 மடங்கு ஜூமா, பெரிய சென்சாரா?

பையில் அடங்கும் கேமரா வேண்டும், சாயங்காலத் தெருவும் அருங்காட்சியக உட்புறமும் தெளிவாக வர வேண்டும் என்கிறீர்கள், ஆனால் கண் என்னவோ 30 மடங்கு ஜூம் மேல்தான். இரண்டும் ஒன்றாக நடக்காதுங்க. அந்த ஜூம் கேமராக்களில் இருப்பது பொதுவாக 1/2.3 இன்ச் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. 1 இன்ச் சென்சாரின் பரப்பு அதைவிட ஏறக்குறைய 4 மடங்கு. இருட்டில் ஜூமை முழுக்க இழுத்தால் லென்ஸின் துளை எஃப்/6.4 வரை சுருங்கிவிடும் (இந்த எண் கூடினால் வெளிச்சம் குறையும்), அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன், எகிறும், முகத்தில் இமைமுடி எல்லாம் கரைந்து வாட்டர்கலர் மாதிரி ஆகிவிடும்.

என்னைக் கேட்டால் 1 இன்ச் சென்சார் உள்ள சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 5ஏ. அதே வரிசையில் மார்க் 7 அதைவிடப் புதிதுதான், ஜூமும் 24-200 மி.மீ. வரை, அதாவது 8 மடங்குக்கு மேல் போகும், ஆனால் அகலக் கோணத்தில் அது எஃப்/2.8, 5ஏ எஃப்/1.8, அதாவது ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சம். உங்கள் தேவைக்கு அதுதான் முக்கியம். ஜூமே வேண்டாம் என்றால் ரிக்கோ ஜிஆர் 3, சென்சார் இன்னும் பெரிது.

எதை வாங்கினாலும் கூடுதல் பேட்டரி ஒன்று கட்டாயம், ஒரு சார்ஜுக்கு 200 சொச்சம் படம்தான். அப்புறம், வெறும் பாக்கெட்டில் போடாதீர்கள். என் பழைய கேமராவில் துணிப்பஞ்சு லென்ஸ் வழியாக உள்ளே போய், பயணம் முழுக்க எல்லா வானத்திலும் ஒரே இடத்தில் ஒரு சாம்பல் புள்ளி.