அரிக்கேன் விளக்கின் கண்ணாடி எதன் பிடியில் நிற்கிறது? உடைக்காமல் கழற்றுவது எப்படி?

கேள்வி கேட்டவர் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய அரிக்கேன் விளக்கை எடுத்திருக்கிறார். கண்ணாடிக்குள் ஒரே கரி. குறுக்கே போகும் கம்பிதான் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது போல, அதை நெளித்துவிட்டுக் கண்ணாடியை எடுக்கலாமா என்று கேட்கிறார்.

ஐயா, கம்பியில் கை வைக்காதீர்கள். அந்தக் கம்பி கண்ணாடியைப் பிடிக்கவே இல்லை.

எனக்கும் இது பத்து வயது வரை தெரியாது. காங்கயம் பக்கம் எங்கள் ஊர். கிளுவை வேலி போட்ட கொறங்காடு (மேய்ச்சல் நிலம்), அதில் வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப் புல், முப்பது நாற்பது செம்மறி ஆடு. தோட்டத்துச் சாளையில் கரண்டு இருந்தும் இல்லாத மாதிரிதான். பைக்காரா நீர்மின்சாரம் 1930களிலேயே கோயமுத்தூர் மில்களுக்கு வந்துவிட்டது என்பார்கள். எங்கள் பட்டியில் நான் சிறுவனாக இருந்தவரைக்கும் லாந்தல்தான். ராத்திரி ஆடு குட்டி போட்டால், நரி சத்தம் கேட்டால், அப்பாரு முதலில் எடுப்பது தடி, அடுத்து லாந்தல். (வெளியூர்க்காரர்களுக்கு: அப்பாரு என்றால் அப்பாவைப் பெற்ற தாத்தா.)

பொழுது சாயும்போது லாந்தல் துடைப்பது என் வேலை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வீட்டில் என் கை ஒன்றுதான் கண்ணாடியின் வாய்க்குள் நுழையும். பழைய வேட்டித் துணியில் கொஞ்சம் அடுப்புச் சாம்பல் தொட்டு உள்ளே சுழற்றினால் கரி வந்துவிடும். சாம்பல் சலித்ததாக இருக்க வேண்டும். சின்னக் கல் ஒன்று கிடந்தாலும் கண்ணாடியில் கீறல் விழும்.

ஒருநாள் விளக்கை அணைத்த சூட்டோடு ஈரத்துணியை வைத்துவிட்டேன். "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கீழ்வாயிலிருந்து மேலே வரைக்கும் ஒரு கோடு. ஆத்தா திட்டித் தீர்த்துவிட்டார். அப்பாரு திட்டவில்லை, வாரச் சந்தையில் புதுக் கண்ணாடி வாங்கி வந்து என்னையே மாட்டச் சொன்னார். நான் உங்களைப் போலவே கம்பியை விரிக்கப் போனேன்.

"ஏங்கண்ணு, கம்பிய நம்பி உட்றாத. மேல தொப்பி அமுக்குதா, அதப் பாரு" என்றார்.

விஷயமே அந்த ஒரு வரியில் இருக்கிறது. விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கண்ணாடியின் அடியில் ஓட்டை ஓட்டையாக ஒரு தகரத் தட்டு தெரியும். திரி எரியும் பர்னரைச் சுற்றி அது வட்டமாக நிற்கும். கண்ணாடியின் கீழ்வாய் அந்தத் தட்டின் விளிம்புக்குள் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது, திருகோ கொக்கியோ எதுவும் கிடையாது. மேல்வாயின் மீது தொப்பி மாதிரி ஒரு புகைபோக்கி கவிழ்ந்திருக்கும். அந்தத் தொப்பி மேலும் கீழும் நகரும், அதன் தலைக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அந்த ஸ்பிரிங் தொப்பியைக் கீழே தள்ள, தொப்பி கண்ணாடியைத் தட்டோடு சேர்த்து அமுக்குகிறது. மேலே ஒரு அமுக்கு, கீழே ஒரு தாங்கல், பக்கவாட்டில் பிடியே கிடையாது. குறுக்குக் கம்பி எதற்கு என்றால், கண்ணாடியைச் சாய்க்கும்போது அது நழுவிக் கீழே விழாமல் இருக்கவும், விளக்கு எதிலாவது இடித்தால் முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளவும்.

பக்கத்தில் ஒரு நெம்புக்கம்பி இருக்கிறதே, அது தினசரி பற்றவைக்க. அதை அழுத்தினால் தட்டு, கண்ணாடி, தொப்பி மூன்றும் சேர்ந்து மேலே ஏறும், திரி வெளியே தெரியும், தீக்குச்சி வைக்கலாம். அப்போதும் ஸ்பிரிங்தான் மேலிருந்து அமுக்கிக்கொண்டு கூடவே ஏறுகிறது. பற்றவைக்க ஏற இடம் கொடுப்பதும், துடைக்கக் கழற்ற இடம் கொடுப்பதும், நடக்கும்போது ஆடாமல் பிடிப்பதும் ஒரே ஒரு ஸ்பிரிங்கின் வேலை. இதை யோசித்தவன் கெட்டிக்காரன்.

இந்த வகை விளக்கையே யோசித்தவர் பெயர் கிடைக்கிறது. பக்கவாட்டில் இரண்டு குழாய் வைத்த இந்த வகை லாந்தலை 1860களின் கடைசியிலும் 1870களிலுமாக உருவாக்கியவர் ஜான் இர்வின் என்ற அமெரிக்கர். அதை உலகமெல்லாம் விற்றது டீட்ஸ் கம்பெனி. அதற்கு முன்னால் இருந்த பல லாந்தல்களில் கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்தே பூசிவிடுவார்கள், கழற்றவே முடியாது. கரி பிடித்தால் அடிப்பக்கமாகத் துணியை விட்டுக் குடைய வேண்டியதுதான், உடைந்தால் முழு விளக்கும் போச்சு. கழற்றி மாட்டும் கண்ணாடி என்பதற்காகவே அந்தக் காலத்தில் அங்கே எத்தனையோ பேர் காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறார்கள். நம் ஆத்தாக்கள் தினமும் சாயந்திரம் பட்ட பாட்டை அங்கேயும் பட்டிருக்கிறார்கள் போல.

இப்போது கழற்றும் முறை. திரியை இறக்கி அணைத்து, கண்ணாடியை வெறும் கையால் தாராளமாகத் தொட முடிகிற வரை ஆறவிடுங்கள். கால் மணி நேரமாவது ஆகும். தரையில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, எண்ணெய்த் தொட்டியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் கொடுத்துக்கொள்ளுங்கள். தொப்பியின் உச்சியில் ஒரு வளையம் இருக்கும், அதை இடது கையால் மேலே இழுங்கள். ஸ்பிரிங் எதிர்க்கும், விடாதீர்கள். ஒரு விரற்கடை ஏறினால் கண்ணாடியின் மேல்வாய் விடுபட்டுவிடும். வலது கையால் கண்ணாடியை மெல்லச் சாய்த்தால் அடித்தட்டும் கம்பியும் அதோடு சேர்ந்தே ஒரு பக்கமாகச் சாயும். எந்தப் பக்கம் என்று சந்தேகமாக இருந்தால் தட்டில் கீல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், கீல் உள்ள பக்கம்தான். சாய்ந்த பிறகு கண்ணாடியைக் கம்பிக்குள்ளிருந்து மேலாக உருவி எடுங்கள். எங்கேயும் பலம் தேவைப்படாது. தேவைப்பட்டால் எதுவோ துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பரணில் கிடந்த விளக்கு என்பதால் உங்களுக்குத் தொப்பி இறுகியிருக்கவே வாய்ப்பு அதிகம். அது நகரும் இடத்தில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சூட்டில் அது பிசினாகிவிடும்.

திரும்ப மாட்டும்போதுதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். கண்ணாடியைத் தட்டில் வைத்து, தொப்பியை இறக்கி, "உட்கார்ந்துவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். அப்பாரு அதன் பிறகு ஒரு காரியம் செய்வார். இரண்டு விரலால் கண்ணாடியைப் பிடித்து லேசாகச் சுழற்றிப் பார்ப்பார். கொஞ்சம் தடையோடு சுழன்றால் சரி. சுழலவே மறுத்தால் எங்கோ கோணலாகச் சிக்கியிருக்கிறது, சூடேறினால் அந்த இடத்தில்தான் விரிசல் விழும். தடையே இல்லாமல் கடகடவென்று ஆடினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது கண்ணாடி உயரம் குறைந்தது. சிலர் இதற்கு அடியில் துணி, அட்டை எல்லாம் வைத்து முட்டுக் கொடுப்பார்கள். எரிகிற விளக்கு அது, தயவுசெய்து வைக்காதீர்கள்.

கோணலாக உட்கார்ந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. இந்தக் கண்ணாடி காற்றை மறைக்கும் சுவர் மட்டுமல்ல, விளக்கு மூச்சுவிடும் பாதையில் இதுவும் ஒரு துண்டு. பக்கக் குழாய்கள் மேலேயிருந்து காற்றைக் கீழே திரிக்குக் கொண்டுவருகின்றன, சூடான புகை கண்ணாடி வழியாக ஏறித் தொப்பியில் வெளியேறுகிறது. கண்ணாடியின் மேலோ கீழோ இடைவெளி விழுந்தால் காற்று அந்தச் சந்தில் புகுந்துவிடும். சுடர் ஆடும், மஞ்சளாக நீளும், கரி கக்கும். "திரி சரியில்லை" என்று திரியை வெட்டிக்கொண்டே இருப்பார்கள், கோளாறு கண்ணாடி உட்கார்ந்த விதத்தில் இருக்கும். உங்கள் விளக்கில் அவ்வளவு கரி பிடித்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

சரி, ஏன் இப்படி நழுவுகிற மாதிரி வைக்க வேண்டும், இறுக்கிப் பிடித்தால் என்ன? இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, திருப்பூரில் வீடு கட்டியபோது காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். கேட் தூணின் மேல் உருண்டைக் கண்ணாடி விளக்கு இரண்டு வைத்தோம். அதன் கழுத்து ஒரு உலோக வளையத்துக்குள் இறங்கி உட்காரும், வளையத்தைச் சுற்றி மூன்று திருகு. மாட்டிய பையன் ஸ்க்ரூடிரைவர் போட்டு மூன்றையும் "கல்லு மாதிரி இருக்குங்ணா" என்று முறுக்கிவிட்டுப் போனான். உள்ளே பழைய குண்டு பல்பு, நூறு வாட். முதல் கோடை மழையில் ஒரு கண்ணாடி படீர் என்று போனது. பொறுக்கிப் பார்த்தால் விரிசல் சரியாக ஒரு திருகு அழுத்திய புள்ளியிலிருந்து கிளம்பியிருந்தது.

கணக்கு இதுதான். சாதாரணக் கண்ணாடி பத்து சென்டிமீட்டர் அகலம் இருந்து நூறு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.09 மில்லிமீட்டர் விரியும். இரும்பு அதே சூட்டில் 0.12 மில்லிமீட்டர். ஒரு தலைமுடி கனம்கூடத் தேறாத வித்தியாசம். ஆனால் கண்ணாடிக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. சூடாக இருக்கும்போது இறுக்கினால், ஆறும்போது இரும்பு அதிகமாகச் சுருங்கிக் கழுத்தை நெரிக்கும். மூன்று புள்ளியில் மட்டும் நெரித்தால் இன்னும் மோசம். இப்போது அந்த விளக்குகளில் திருகுகளைக் கையால் தொடும் வரை முடுக்கி, அப்புறம் அரைச் சுற்று திருப்பி விட்டுவிடுகிறேன். கண்ணாடியின் விளிம்பு திருகுகளைத் தாண்டி மேலே வர முடியாது, அதனால் விழாது. லேசாக ஆடும், ஆடட்டும். கல்யாணத்துக்கு வந்த ஒரம்பரை (விருந்தாளி) ஒருவர் "லூசா இருக்குதே" என்று முடுக்கப் போனார். பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன்.

நான் ஈரத்துணியால் உடைத்ததும் இதே கதைதான். கண்ணாடி சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. ஈரம் பட்ட இடம் சட்டென்று சுருங்கும், பக்கத்து இடம் விரிந்தபடியே நிற்கும், நடுவில் கோடு விழும். போரோசிலிக்கேட் கண்ணாடி இதில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும், அதனால் தாங்கும். மாற்றுக் கண்ணாடி வாங்குவதானால் அந்த வகை கிடைக்கிறதா என்று கேளுங்கள். உயரம், மேல்வாய், கீழ்வாய் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள். பல மாடல்களில் இரண்டு வாயும் ஒரே அளவு கிடையாது. உயரத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஸ்பிரிங் சமாளிக்கும், வாய் அளவில் சமாளிக்காது.

கேள்விக்குக் கீழே ஒருவர் பெட்ரோமாக்ஸ் பற்றியும் கேட்டிருந்தார். அதில் ஸ்பிரிங் கிடையாது. மேல்தொப்பியின் திருகுகளைத் தளர்த்தி, தொப்பியையும் பர்னர் பாகத்தையும் தூக்கி எடுத்தால், கூண்டுக்குள் கண்ணாடி சும்மா நின்றுகொண்டிருக்கும். அப்படியே உருவலாம். அதன் கண்ணாடி உடைவதற்கு முக்கியக் காரணம் மாண்டில்தான், அதாவது உள்ளே வெளிச்சம் தரும் வலைப்பை. மாண்டிலில் ஓட்டை விழுந்தால் அதன் வழியாக நெருப்பு ஊசி மாதிரி பாய்ந்து கண்ணாடியின் ஒரே இடத்தைச் சுடும். எங்கள் ஊர் நோம்பியில் (திருவிழாவில்) அண்ணன்மார் கதை உடுக்கைப் பாட்டு விடிய விடிய நடக்கும். நடுச்சாமத்தில் விளக்குக்காரர் பாட்டைக்கூடக் கவனிக்காமல் மாண்டிலையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

கடைசியாக ஒன்று. மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது குதிரைக்கொம்பு. அதற்காகப் பெட்ரோலோ தின்னரோ ஊற்றிவிடாதீர்கள், தொட்டியே வெடிக்கும். விளக்குக்கென்று விற்கும் பாரஃபின் எண்ணெய் ஊற்றலாம். தொப்பியைத் தூக்கிப் பார்த்து ஸ்பிரிங் இன்னும் எதிர்க்கிறதா என்று சொல்லுங்கள். எதிர்க்கவில்லை என்றால் விளக்கின் தலைப்பகுதியைப் படம் எடுத்துப் போடுங்கள், அதைக் கழற்றும் விதம் மாடலுக்கு மாடல் வேறு.