வெள்ளைப் பட்டை டயர்: கேள்வி பதில்

டயரின் பக்கவாட்டில் வெள்ளை வளையமாக ஓடும் பட்டை பற்றி, பெங்களூருவில் பழைய கார் வைத்திருப்பவர்களின் கேள்விகள். பதில் சொல்பவன் ஒரு பத்மினி காரோடு அல்லாடுகிறவன்.

கே: அண்ணா, அம்பாசடருக்கு இந்தக் கால ரேடியல் டயர் போட்டிருக்கிறேன். ஜே.சி. ரோட்டில், டயர் மேல் மாட்டி வெள்ளைப் பட்டைபோலக் காட்டும் ரப்பர் வளையம் கிடைக்கிறது. மாட்டலாமா?

ப: கண்காட்சியில் நிறுத்த என்றால் சரி, ஓட்ட வேண்டாம். வளையத்தின் உள்விளிம்புதான் டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் பிடிபட்டிருக்கும்; வெளிவிளிம்பு சும்மா டயர் மேல் படுத்திருக்கும். பழைய பயாஸ் டயரின் (உள்ளே இழைகள் குறுக்காக ஓடும் வகை) பக்கம் விறைப்பானது. ரேடியல் அப்படியில்லை, தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தொப்பை போடும். அந்த அசைவில் மண்ணும் தண்ணீரும் உள்ளே புகுந்து உப்புத்தாள் மாதிரித் தேய்க்கும். நானே மாட்டிப் பட்டவன். மைசூரு ரோட்டில் 70-ஐத் தாண்டினால் கோழி இறக்கை அடிப்பதுபோலச் சத்தம். ஒரு மழைக்காலம் கழித்துக் கழற்றினால், டயரைச் சுற்றி நகம் பதிகிற ஆழத்துக்கு ஒரு பள்ளம். நான்கும் குப்பைக்குப் போயின.

கே: வெள்ளை பெயிண்ட் அடித்தால்?

ப: சுவர் பெயிண்ட் ரப்பரோடு வளையாது. வெடித்து உதிரும்.

கே: வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

ப: 2020 ஜூனில் அரசு புது டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது, உரிமம் கேட்பார்கள். அதனால் கைக்கு வருவது பெரும்பாலும் யாரோ பதுக்கிய பழைய சரக்கு. டயரின் பக்கவாட்டில் DOT (டி.ஓ.டி.) என்று தொடங்கும் குறியீட்டு வரிசையின் கடைசி 4 இலக்கத்தைப் பாருங்கள், தயாரித்த வாரமும் வருடமும் அதுதான். 2316 என்றால் 2016-ன் 23-ஆம் வாரம். 10 வயதைத் தாண்டியதைத் தொடாதீர்கள். "லேபிள்கூடப் பிரிக்கல சார்" என்பார்கள். லேபிளுக்கு வயது தெரியாது.

கே: என் காண்டெஸா காருக்கு 3 அங்குல வெள்ளை எப்படி இருக்கும்?

ப: சஃபாரி சூட்டுக்கு மைசூர் பேட்டா தலைப்பாகை கட்டின மாதிரி இருக்கும். அகல வெள்ளை 1950-களின் அமெரிக்க மோஸ்தர். 1962 வாக்கில் அங்கேயே அது ஒரு அங்குலத்துக்குச் சுருங்கிவிட்டது. காண்டெஸாவோ 70-களின் பிரிட்டிஷ் வாக்ஸ்ஹால் காரின் உடம்பு.

கே (அதே காண்டெஸாக்காரர்): 80-களில்கூட அமெரிக்காவின் கேடிலாக் கார் வெள்ளையோடுதானே வந்தது?

ப: வந்தது. கோடு எவ்வளவு அகலம் என்று படத்தை எடுத்துப் பாருங்கள்.

கே: ஆதியில் டயரே வெள்ளைதானே அண்ணா? காண்டெஸாக்காரரை ஏன் திட்டுகிறீர்கள்?

ப: நல்ல கேள்வி தம்பி. ரப்பரே வெளிறிய நிறம், ஜிங்க் ஆக்சைடு சேர்த்ததில் இன்னும் வெளுத்தது. 1910-களில் தேய்மானத்தைத் தாங்க கார்பன் கருப்பு என்ற கரித்தூளைக் கலந்தார்கள். சிலர் அதைத் தரையில் படும் பகுதியில் மட்டும் போட்டார்கள். பக்கம் வெள்ளையாகவே நின்றது. கரித்தூளை மிச்சம் பிடிக்கப் போய், அந்த வெள்ளை பின்னால் பணக்காரச் சின்னமானது. அதற்காகக் காண்டெஸாவுக்கா?

கே: என் ஹெரால்டு காரின் ரேடியலுக்கு வளையம் மாட்டலாமா?

ப: மேலே படியுங்கள்.

கே: புது டயரின் வெள்ளை, நீலமாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ப: இல்லை, காப்புப் பூச்சு. சோப்புத் தண்ணீரில் தேய்த்தால் போய்விடும். வெயிலில் காய விடாதீர்கள். பெட்ரோல் கூடாது. பளபளப்புக்கு சிலிக்கான் பூச்சும் கூடாது, பழுப்பேறும்.

கே: ரேடியலுக்கு வளையம்...

ப: மேலே!

கே (காண்டெஸாக்காரர்): கடைசியாக, ஒன்றரை அங்குலம்?

ப: முக்கால். அதற்கு மேல் பேச்சில்லை. வாங்கிவிட்டீர்களா? அந்த 4 இலக்கம் என்ன?

கே: 1411.

ப: அகலத்தை விடுங்கள் சார். இன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுங்கள்.