பாண் துண்டு கோணுவது கையாலா, கத்தியாலா?

கேள்வி: வீட்டிலேயே அச்சுப்பாண் போடுகிறேன். ருசியில் குறை இல்லை. வெட்டினால்தான் ஒவ்வொரு துண்டும் மேலே மெல்லிசாகவும் கீழே தடிப்பாகவும் வருகிறது. டோஸ்டருக்குள் பாதி போய் இறுகி நிற்கிறது. பாண் வெட்டுவதற்கென்று பிளவுகள் வைத்த சட்டம் விற்கிறார்களே, வாங்கலாமா?
- வாசகி, கொக்குவில்

பதில்: வாங்கலாம் தங்கச்சி. அதற்கு முதல் ஒன்று கேட்கிறேன். பாணை அவனில் இருந்து எடுத்து எவ்வளவு நேரத்தில் வெட்டுகிறீர்கள்? வாசம் கிளம்பியதும் பிள்ளைகள் சம்பல் கோப்பையோடு வந்து நிற்பார்கள், தெரியும். ஆனால் சுடச்சுட வெட்டினால் எந்தச் சட்டமும் உதவாது. உள்ளே மாப்பொருள் இன்னும் இறுகியிருக்காது, ஆவியும் போய்க்கொண்டிருக்கும். கத்தி அறுக்காது, நசித்து இழுக்கும். ஒரு றாத்தல் பாண் என்றால் அச்சிலிருந்து கவிழ்த்துக் கம்பித் தட்டில் இரண்டு மணித்தியாலமாவது ஆறவிடுங்கள்.

அடுத்தது கத்தி. வாள்பல்லுக் கத்திகள் பலவற்றை ஒரு பக்கம் மட்டுமே சாய்த்துத் தீட்டியிருப்பார்கள். நேராகப் பிடித்தாலும் அது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இடக்கைக்காரருக்குப் பாடு இன்னும் அதிகம். ஆகவே முழுப் பழியையும் உங்கள் கையில் போடாதீர்கள். அமத்தாமல், நீளமாக முன்னும் பின்னும் இழுத்து அறுத்துப் பாருங்கள். அப்படியும் ஓடினால் சட்டம் வேண்டும்.

நான் முதலில் வாங்கியது மடிக்கிற பிளாஸ்டிக் சட்டம். கொஞ்ச நாளில் கத்திப்பல் பட்டுப் பட்டுப் பிளவுகள் அகண்டுவிட்டன. ஒருநாள் துண்டில் வெள்ளையாய் ஏதோ தூள் ஒட்டியிருந்தது, பார்த்தால் பிளாஸ்டிக். அன்றைக்கே எறிந்தேன். பிறகு தெரிந்த தச்சரிடம் போய்க் கையைக் காலை ஆட்டி விளக்கினேன். அவர் மரச்சட்டங்களைச் சரியான கோணத்தில் அறுக்க வைத்திருந்த பெட்டியைத் தூக்கிக் காட்டி, "இதைத்தானே அக்கா கேக்கிறியள்?" என்றார். அதேதான். அடிப்பலகை ஒன்று, இரண்டு பக்கமும் பலகை, அவற்றில் எதிரெதிராகப் பிளவு. வேறு வித்தை ஒன்றும் இல்லை.

நீங்களும் செய்விப்பதென்றால் அளவுகளைக் கவனியுங்கள். பாணின் அகலத்தை விட உள் அகலம் அரைச் சென்ரிமீற்றர் கூட இருந்தால் போதும். பிளவுக்குப் பிளவு 12 மில்லிமீற்றர். சான்ட்விச்சுக்கும் டோஸ்டருக்கும் அது தோது. பிளவின் அகலத்துக்கு அளவு சொல்லாமல் கத்தியையே கொண்டுபோய்க் கொடுங்கள். அது உரசாமல் போய்வர வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. ஆடினால் பழைய கோணல் திரும்பவும் வரும்.

பலர் தவறவிடுவது கத்தியின் நீளம். என் சட்டம் வெளிப்பக்கம் 14 சென்ரிமீற்றர் அகலம். 20 சென்ரிமீற்றர் கத்தியை அதற்குள் விட்டால் இழுக்க மிஞ்சுவது 6 சென்ரிமீற்றர்தான். அதில் எப்படி அறுப்பது? 25 சென்ரிமீற்றர் கத்தி வாங்கினேன், பிரச்சினை தீர்ந்தது.

பாணின் தலை கூம்பியிருந்தால் பக்கவாட்டில் சரித்து வையுங்கள், அசையாது. சட்டத்துக்குள் பாண் லூசாக நின்றால் ஓரத்தில் மடித்த காட்போட் மட்டையைச் செருகலாம். மரத்துக்கு வார்னிஷ் வேண்டாம். தண்ணீரில் ஊறப்போட்டால் பலகை வளைந்துவிடும். தூரிகையால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிட்டால் சரி. தூளை அப்படியே விட்டால் எறும்பு வரும், அதை நான் சொல்லத் தேவையில்லை.

சட்டம் கிடைத்த புளுகத்தில் முழுப் பாணையும் வெட்டி மேசையில் வைக்காதீர்கள். 1928 யூலையில் அமெரிக்காவில் ஒட்டோ ரோவெடரின் இயந்திரத்தால் வெட்டிய பாண் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முதல் பேக்கரிக்காரர் சொன்ன மறுப்பே, வெட்டினால் பாண் காய்ந்துபோகும் என்பதுதான். அதனால் வெட்டிய கையோடு சுற்றிக் கட்டவும் வேண்டியிருந்தது. அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெட்டுங்கள். முழுவதையும் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மிச்சத்தைக் காற்றுப் போகாத பையில் ஃபிறீசரில் வையுங்கள். ஃபிறிட்ஜின் கீழ்த்தட்டில் வேண்டாம், அங்கே பாண் இன்னும் கெதியாய் விறைத்துப் பழசாகும். ஃபிறீசரில் இருந்து எடுத்த துண்டை அப்படியே டோஸ்டரில் போடலாம்.