கோடு போடும் முன் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

பாக் விரிகுடா கடற்பசு பாதுகாப்பகம் பற்றிய கட்டுரையில், மீனவரைக் கலந்தாலோசிக்காமல் எந்தக் கடலையும் காப்பகமாக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். மரம் வெட்டுகிறவரிடம் அனுமதி கேட்டா காட்டைக் காப்பது? மீன்பிடித் தொழிலின் சம்மதத்துக்குக் காத்திருந்தால் ஒரு கடற்பசுகூட மிஞ்சாது.

செந்தில், மதுரை

அன்புள்ள செந்தில்,

உங்கள் பதற்றம் எனக்கும் உண்டு. ஆவுளி, அதாவது கடற்பசு, மூச்சுவிட நீருக்கு மேலே வந்தாக வேண்டிய விலங்கு. வலையில் சிக்கினால் உள்ளேயே திணறிச் செத்துப்போகும். அந்த நேரத்தில் அதைக் காப்பாற்ற வலைக்காரரைத் தவிர வேறு ஆள் கிடையாது. தஞ்சைக் கடற்கரையில் சிக்கிய ஆவுளியை மீண்டும் கடலில் விட்ட மீனவர்கள் இருக்கிறார்கள். 2022-ல் அறிவிக்கப்பட்ட அந்தக் காப்பகம் 448 சதுர கிலோமீட்டர். அங்கே மீன்பிடிக்கும் அத்தனை படகிலும் வனக்காவலரை ஏற்ற முடியுமா?

மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அந்தத் தீவோரங்களில்தான் கடற்பாசி எடுக்கும் பெண்கள் தலைமுறையாக மூழ்கிவந்தார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கிக் கீழே போய் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து இடுப்புப் பையில் திணிப்பார்கள். வரைபடத்தில் ஒரு கோடு விழுந்ததும் அது அத்துமீறல் ஆனது. எடுத்த பாசியைப் பறிகொடுத்து, அபராதம் கட்டி, பயந்து பயந்து கடலுக்குப் போனார்கள். பிற்பாடு அதே பெண்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, இரும்பால் சுரண்டுவதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இவர்களையா மரம் வெட்டுகிறவர் கணக்கில் சேர்ப்பது? முதலிலேயே கேட்டிருந்தால் எந்தப் பாசி எப்போது தழைக்கும் என்பதைச் சொல்லியிருப்பார்கள்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1991 திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 26ஏ பிரிவு, சரணாலயமாக்கும் கடற்பகுதியின் எல்லையை முடிவுசெய்யுமுன் உள்ளூர் மீனவரின் தொழில் நலனுக்குப் போதிய பாதுகாப்பு செய்ய வேண்டும் என்கிறது. பாதுகாப்பகம் என்றால் 36ஏ பிரிவின்படி உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகே அறிவிக்கலாம். ஆனால் அதற்கு யோசனை சொல்லும் குழுவில் யார் என்று அடுத்த பிரிவைப் படித்தால் மனம் கசக்கிறது. வனத்துறை, ஊராட்சிகள், தொண்டு நிறுவனங்கள் மூன்று, வேளாண்மைத் துறை, கால்நடைத் துறை. நிலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதியது. மீன்வளத் துறைக்கும் இடமில்லை, மீனவருக்கென்று ஒரு நாற்காலியும் இல்லை. கடற்காப்பகங்களுக்காவது இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

மீன்பிடித் தொழில் முழுவதும் ஒரே கட்சி என்பதும் சரியில்லை. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்ததே இரண்டு தரப்புக்கும் ஒத்துவராததால்தான். ஒரே கூட்டத்தில் எல்லோரையும் உட்காரவைத்தால் சங்கத் தலைவர்களின் குரல் மட்டுமே பதிவாகும். பாசிப் பெண்களை அவர்கள் ஊரிலேயே, கடலுக்குப் போகாத நாளில் தனியாகச் சந்திக்க வேண்டும். வரைபடத்தை முடித்துக்கொண்டு வந்து கையெழுத்து வாங்குவது ஆலோசனை ஆகாது. அவர்கள் சொல்லி எல்லை ஓரிடத்திலாவது நகர வழியிருக்க வேண்டும்.

கேட்பது என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று நான் சொல்லவில்லை. ஆவுளி மேயும் கடற்புல்லை, விசைப்படகு இழுத்துச்செல்லும் இழுவைமடி வலை உழுது போடுகிறது. அந்த இடத்தில் விசைப்படகுக்காரர் மறுத்தாலும் மடி இறங்கக் கூடாது. ஆனால் ஏன் என்பதை அவர் முகத்துக்கு நேரே சொல்லி, கடன் வாங்கிக் கட்டிய படகை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்யலாம் என்ற பதிலையும் அரசு கையோடு கொண்டுபோக வேண்டும்.