சோறு போடுவது யார்?

கேள்வி: ஆஸ்டினில் வேலை பார்க்கும் என் மகன் போன மாதம் 13ஆம் தேதி என்னைக் காரில் கில்லீன் என்ற ஊருக்கு அழைத்துப் போனான். டெக்ஸாஸில், ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தின் வாசலிலேயே இருக்கிற ஊர். மத்தியானம் சாப்பிடப் போன இடத்தில் கடைக்காரர் முக்கால் மணி நேரம் ராணுவத்தைப் பற்றியே புலம்பித் தீர்த்தார். அந்தத் தளம் இல்லையென்றால் இப்படி ஒரு ஊரே கிடையாது. சோறு போடுகிறவனையே குறை சொல்கிற நன்றிகெட்ட ஊர் என்று எனக்குத் தோன்றியது. தங்கள் கருத்து?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் ஒரு திருத்தம். கில்லீன் பிறந்தது 1882இல், ரயில் பாதை போட்டபோது. ரயில் கம்பெனி அதிகாரி ஒருவரின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். சுற்றிலும் பருத்தி விளைந்தது, விவசாயிகளை நம்பிக் கடைகள் நடந்தன. ராணுவம் வந்தது 1942இல். ஊருக்கு அப்போது அறுபது வயது. ‘தளம் இல்லையென்றால் ஊரே கிடையாது’ என்று நீங்கள் எழுதியது சரியில்லை, ஐயா.

வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப்போரில் எதிரி டாங்கிகளைச் சுட்டு நொறுக்குவதற்கென்று தனிப் படை திரட்டினார்கள். அந்தப் படை பீரங்கிகளைச் சுட்டுப் பழக விசாலமான இடம் வேண்டும். சுமார் 300 விவசாயக் குடும்பங்கள் அவசர அவசரமாக நிலத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. நஷ்டஈடு உண்டுதான், ஆனால் ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை கிடையாது. பழைய இடுகாடுகள் சில இன்னும் தளத்துக்கு உள்ளேயேதான் இருக்கின்றன. தாத்தாவின் கல்லறைக்குப் பூ வைக்கப் போகிறவர் அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். இதில் யார் யாருக்கு நன்றி சொல்வது?

நிலம் போனதும் கடைத்தெருவுக்கு வந்துகொண்டிருந்த விவசாயியும் போய்விட்டார். வியாபாரிக்கு மிஞ்சியது சிப்பாய் மட்டும்தான். போர் முடிந்ததும் முகாம் கிட்டத்தட்டக் காலியானது, ஊரும் படுத்துவிட்டது. 1950இல் ஃபோர்ட் ஹூட் என்று நிரந்தரத் தளமாக்கிய பிறகுதான் மறுபடி எழுந்தது. 1940இல் 1,300 பேர்கூட இல்லாத ஊர், 1960 கணக்கெடுப்பில் 23,000ஐத் தாண்டியது, 2020இல் ஒன்றரை லட்சத்தை. இது வாழ்வு இல்லையா என்று கேட்பீர்கள். வாழ்வுதான், மறுக்கவில்லை.

ராணுவம் செய்த வேறொரு நல்லதையும் சொல்லியாக வேண்டும். 1948இல் அதிபர் ட்ரூமன் ராணுவத்துக்குள் நிறப்பாகுபாட்டை ஒழிக்க உத்தரவு போட்டார். அப்புறம் கருப்பினச் சிப்பாயும் வெள்ளைக்காரச் சிப்பாயும் ஒரே விடுதியில் படுத்தார்கள். வாசலைத் தாண்டினால் அது பழைய டெக்ஸாஸ். கருப்பினத்தவருக்கென்று மார்ல்பரோ ஹைட்ஸ் என்ற தனிக் குடியிருப்பு. அதே கில்லீனில் இன்று கருப்பினத்தவர்தான் மிகப் பெரிய பிரிவினர். ஜெர்மனியிலும் கொரியாவிலும் பணியாற்றிய சிப்பாய்கள் அங்கேயே கல்யாணம் செய்து மனைவியோடு திரும்பினார்கள். டெக்ஸாஸின் நடுவே கொரியச் சாப்பாட்டுக் கடைகள் வந்த கதை அதுதான். இவ்வளவு கலப்பான ஊரை அந்த வட்டாரத்தில் பார்ப்பது கஷ்டம்.

சரி, இப்போது ‘சோறு’ விஷயத்துக்கு வருவோம்.

டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது. நகராட்சிகள் பிழைப்பதே சொத்து வரியிலும் விற்பனை வரியிலும். தளத்தின் நிலம் மத்திய அரசுடையது, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல், சொத்து வரி பூஜ்யம். உள்ளே இருக்கிற மிலிட்டரி கேன்டீனில் விற்கும் பொருளுக்கு விற்பனை வரியும் பூஜ்யம். ஆக, 30,000க்கும் மேற்பட்ட சிப்பாய்கள், அவர்கள் குடும்பங்கள். இவர்கள் ஓட்டும் சாலை, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, கூப்பிட்டால் வருகிற போலீஸ் பெரும்பாலும் ஊருடையவை. வாங்குகிற சாமானில் ஒரு பகுதி வரி இல்லாத கேன்டீனில். இந்தச் சுமை நிஜம் என்று ஒப்புக்கொண்டுதான் இப்படிப்பட்ட ஊர்ப் பள்ளிகளுக்கு ஈட்டுத்தொகை கொடுக்க 1950இல் மத்திய அரசே ஒரு சட்டம் போட்டது. தளம் சோறு மட்டும்தான் போடுகிறது என்றால் எதற்கு ஈட்டுத்தொகை?

இன்னொன்று. ராணுவப் பணியில் உடல்நலம் கெட்டு நூறு சதவீத ஊனம் என்று சான்று பெற்ற முன்னாள் வீரருக்கு, அவர் குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியே வேண்டாம் என்று 2009இல் டெக்ஸாஸ் சட்டம் செய்தது. நியாயமான சட்டம். ஆனால் அந்த வீரர்கள் ஓய்வுபெற்று எங்கே குடியேறுவார்கள்? ராணுவ மருத்துவமனையும் கேன்டீனும் பக்கத்தில் இருக்க, வீடு மலிவாகவும் கிடைக்கிற இடத்தில். அதாவது கில்லீனில், பக்கத்து ஊர்களான ஹார்க்கர் ஹைட்ஸில், காப்பரஸ் கோவ் என்ற ஊரில். கைதட்டு தலைநகர் ஆஸ்டினில் இருக்கும் சட்டசபைக்கு, பில் கில்லீன் நகராட்சிக்கு! மாநிலம் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. மீதிக்கு ஊர்தான் கையைப் பிசைகிறது.

வாடகைக்கு வாருங்கள். எந்தப் பதவிக்கு, எந்த ஊரில், எவ்வளவு வீட்டு வாடகைப்படி என்ற பட்டியலை ராணுவமே வெளியிடுகிறது. வீட்டுக்காரர் அதைப் பார்க்காமலா வாடகை சொல்வார்? சிப்பாய்க்குப் படி இருக்கிறது, கட்டிவிடுவான். அதே தெருவில் குடியிருக்கும் கடைச் சிப்பந்திக்கு?

அடகுக்கடைகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிப்பாய்க்குச் சம்பளம் மாதம் இரண்டு முறை, 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும். நடுவில் கை காய்ந்தால் ‘சம்பள நாள் கடன்’. அந்தக் கடனுக்கு ஆண்டுக்கு 390 சதவீதம் வட்டி என்பதெல்லாம் சர்வசாதாரணம். நம் ஊர்க் கணக்கில் முப்பது வட்டிக்கும் மேல். கடனில் மூழ்கிய சிப்பாய் ரகசிய வேலைகளுக்கு லாயக்கில்லாதவன் ஆகிவிடுவான் என்று ராணுவத்துக்கே பயம் வந்தது. 2006இல் சட்டம் போட்டு ஆண்டுக்கு 36 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றார்கள். நம் பாஷையில் மூணு வட்டி. நல்லது. யாருக்கு? சிப்பாய்க்கும் அவன் குடும்பத்துக்கும். அவனுக்குத் தட்டு கழுவுகிற உள்ளூர்க்காரனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

இதற்கு மேல், தளத்து அதிகாரிகள் நினைத்தால் ஒரு கடையைக் குறிப்பிட்டு ‘சிப்பாய்கள் இங்கே நுழையக் கூடாது’ என்று தடை போடலாம். ஊரில் அவ்வளவு அதிகாரமுள்ள தளபதியை ஊர் தேர்ந்தெடுக்கவில்லை, சில வருடங்களில் மாற்றலாகியும் போய்விடுவார். 1990இல் வளைகுடாவுக்கு ஆயிரக்கணக்கில் படை கிளம்பியது. 2003இல் ஈராக்குக்கு 4ஆவது காலாட்படைப் பிரிவு, அடுத்த வருடம் 1ஆவது குதிரைப்படைப் பிரிவு (பெயரில்தான் குதிரை, ஓட்டுவது டாங்கி). ஒவ்வொரு முறையும் கடைக்காரர் ஒரே நேரத்தில் இரண்டு கணக்குப் பார்க்க வேண்டும்: எத்தனை பேர் உயிரோடு திரும்புவார்கள், அதுவரை கடை தாங்குமா.

பெயர் விவகாரம் ஒரு தனித் தமாஷ். முதலில் வைத்தது ஜான் பெல் ஹூட் பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் தளபதி அவர். 2023இல் அதை எடுத்துவிட்டு, டெக்ஸாஸ்காரரும் நான்கு நட்சத்திர அந்தஸ்து பெற்ற முதல் லத்தீன வம்சாவளித் தளபதியுமான ரிச்சர்ட் கவாசோஸ் பெயரை வைத்தார்கள். 2025இல் மறுபடி ஃபோர்ட் ஹூட். பழைய ஆளின் பெயரைச் சட்டம் தடுக்கிறதே? அதனால் முதல் உலகப்போரில் பதக்கம் வாங்கிய ராபர்ட் ஹூட் என்ற கர்னலைத் தேடிப் பிடித்தார்கள். அந்த முனுசாமி வேறு, இந்த முனுசாமி வேறு! பெயர்ப்பலகை மாற்றியே அலுத்துப்போன ஊர் அது.

நன்றிகெட்ட ஊர் என்கிறீர்கள். 1968இல் கில்லீனில் வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் ‘ஒலியோ ஸ்ட்ரட்’ என்று ஒரு காபிக் கடை திறந்தார்கள். ஹெலிகாப்டர் தரையிறங்கும்போது அதிர்ச்சி தாங்குகிற பாகத்துக்கு அந்தப் பெயர். ஊர்க்காரர்களுக்கு அந்தக் கடை பிடிக்கவே இல்லை. அங்கே போய் உட்கார்ந்தவர்கள் சிப்பாய்கள். அதே வருடம் ஆகஸ்டில், சிகாகோவில் கலகம் அடக்கப் போகமாட்டோம் என்று தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து 43 கருப்பினச் சிப்பாய்கள் கைதானார்கள். ராணுவத்தைக் கேள்வி கேட்டது ராணுவத்தான்தான், ஊர் வாயைத் திறக்கவில்லை. 2020இல் வனெஸ்ஸா கியென் என்ற 20 வயதுச் சிப்பாய் தளத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். பிறகு வந்த விசாரணைக் குழு தளத்தின் தலைமையைத்தான் குறை சொன்னது. 14 அதிகாரிகள் பதவி இழந்தார்கள் அல்லது இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

கடைசியாக உங்கள் கடைக்காரர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கடைக்காரருக்கு முக்கால் மணி நேரம் புலம்ப அவகாசம் இருந்தது என்றால், கடையில் உங்களையும் மகனையும் தவிர வேறு ஆள் இல்லை என்று அர்த்தம். நீங்கள் போனது 13ஆம் தேதி. 15ஆம் தேதி போயிருந்தால் அவர் உங்களை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.