பந்திக்கும் இடம் வேண்டும், பாய் விரிக்கவும் இடம் வேண்டும்!
வீட்டு உள் அமைப்பு: வாசகர் கேள்வி-பதில்

எங்கள் ஹால் 11 அடி அகலம், 17 அடி நீளம். வீட்டில் ஐந்து பேர். நவராத்திரி, திவசம், பிள்ளைகளின் பிறந்தநாள் என்று வருடத்தில் ஆறேழு முறை 25 பேர் வரை வருவார்கள். நீளச் சுவரில் 9 அடி, அகலச் சுவரில் 6 அடி என 'எல்' வடிவ சோபா போடச் சொல்கிறார்கள். போடலாமா?
வாசகி, ஸ்ரீரங்கம்

வேண்டாம். காரணத்தை டேப் வைத்து அளந்தே பார்த்துவிடலாம்.

தரையில் பந்தி போடும்போது ஒருவருக்கு 2 அடி அகலம் வேண்டும். சம்மணமிட்டு உட்கார 2 அடி, முன்னால் இலைக்கு 1 அடி, ஆக ஒரு வரிசைக்கு 3 அடி ஆழம். எதிரெதிரே இரண்டு வரிசை என்றால் 6 அடி. நடுவில் பரிமாறுகிறவர் குனிந்து நிமிர 3 அடி. மொத்தம் 9 அடி. உங்கள் ஹால் 11 அடி அகலம் என்பதால் இரண்டு வரிசை தாராளமாகப் பிடிக்கும். வாசல் பக்கம் 4 அடியை நடைக்கு விட்டாலும் வரிசைக்கு ஆறு பேர், ஆக ஒரு பந்திக்கு 12 பேர். இரண்டே பந்தியில் 24 பேர் சாப்பிட்டுவிடலாம், 25 பேர் வந்தால் மிச்சம் ஒருவர்தான்.

இப்போது 3 அடி ஆழமுள்ள 'எல்' சோபாவை உள்ளே வைத்துப் பாருங்கள். மிச்ச அகலம் 8 அடி. ஒரு வரிசைதான் போடலாம். குறுக்கே நீட்டியிருக்கும் பகுதி நீளத்திலும் 3 அடியைத் தின்றுவிடும். பந்திக்கு ஐந்து பேர் மட்டும். 25 பேருக்கு ஐந்து பந்தி ஆகும். கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் எப்போதும் வீட்டுப் பெண்கள்தான். அதற்காகவாவது இந்தச் சோபாவை விட்டுவிடுங்கள்.

பதிலாக, இரண்டு பேர் தூக்கி நகர்த்தக்கூடிய, கைப்பிடி மெல்லியதாக உள்ள மூன்று பேர் சோபா ஒன்று போதும். நீளம் ஆறரை அடி, ஆழம் 32 அங்குலத்துக்குள் இருக்கட்டும். எதிர்ச்சுவரில் முதுகு இல்லாத பெட்டி பெஞ்சுகள் இரண்டு, ஒவ்வொன்றும் 3 அடி நீளம், 18 அங்குல ஆழம். 6 அடிக்கு ஒரே பெஞ்சாகச் செய்யாதீர்கள். நகர்த்த முடியாமல் அதுவும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டி உயரம் 14 அங்குலம், மேலே 4 அங்குல மெத்தை. உட்கார்ந்ததும் சற்று அமுங்கி 17 அங்குலம் ஆகும். முழங்கால் வலி உள்ளவர்கள் எழுந்திருக்க ஏற்ற உயரம் இது. நுரைப்பஞ்சு 40 டென்சிட்டி (அடர்த்தி) கேளுங்கள். அதற்குக் குறைந்ததை வாங்கினால் சீக்கிரமே நடுவில் குழி விழும். உறைக்கு ஜிப் கட்டாயம், சாம்பார் சிந்தினால் கழற்றித் துவைக்க.

வருடத்துக்கு நாலு முறை எடுக்கும் ஜமக்காளம், பாய், கொலுப் படித் துணி எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். தினம் எடுக்கிற எதையும் அதில் வைக்காதீர்கள். மெத்தையைத் தூக்கி, மூடியைத் தூக்கி எடுக்க அலுப்பாகி, பொருள்கள் மேலேயே குவிந்துவிடும்.

கொலுவை 11 அடிச் சுவரில் வையுங்கள். படி ஒன்றுக்கு 10 அங்குலம் என்றால் ஐந்து படிக்கு நாலடிக்குச் சற்று மேல். முன்னால் கிட்டத்தட்ட 13 அடி தரை காலியாகக் கிடைக்கும். டீப்பாயை மட்டும் தூக்கி அறைக்குள் வைத்தால் போதும்.

சமையலறைச் சுவரை எடுத்துவிட்டு ஹாலோடு சேர்க்க நினைக்கிறோம். விருந்தினரோடு பேசிக்கொண்டே சமைக்கலாமே என்பதுதான் எண்ணம். சிம்னி போட்டால் தாளிக்கும் நெடி வராதுதானே?
வாசகர், கோவை

வரும். குறையும், அவ்வளவுதான். நம் சமையலில் கடுகும் மிளகாயும் எண்ணெயில் விழும் அந்த அரை நிமிடத்தில் கிளம்பும் புகையை எந்தச் சிம்னியும் முழுதாகப் பிடிக்காது. அதுவும் ஹாலில் மின்விசிறி ஓடினால், புகை சிம்னிக்குப் போகும் முன்பே அந்தக் காற்று அதை இழுத்துச் சோபாத் துணியிலும் திரைச்சீலையிலும் ஏற்றிவிடும். அடுப்புச் சுடரும் அலையும்.

அதனால் சுவரை எடுங்கள், ஆனால் அந்த இடத்தில் தள்ளும் கண்ணாடிக் கதவு வையுங்கள். தாளிக்கும்போதும் மீன் பொரிக்கும்போதும் மூடலாம். காபி போடும்போது திறந்து வைத்துப் பேசலாம். 8 அல்லது 10 மி.மீ. டஃபன்டு (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி நல்லது. அதைத் தயாரான பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, உடைந்து நொறுங்கிவிடும். எனவே தரை டைல்ஸ் போட்டு முடித்த பிறகே அளவு கொடுங்கள். கதவு மேலே தொங்கி ஓடும் வகையாக இருக்கட்டும். தரையில் தடம் பதித்தால் அதில் அரிசியும் அழுக்கும் சேரும், வயதானவர்கள் கால் தடுக்கும்.

சிம்னி சரியாக இழுக்காததற்குப் பெரும்பாலும் குழாய்தான் காரணம். 6 அங்குலக் குழாயை 4 அங்குலத் துளைக்குள் நெருக்கித் திணிப்பது வழக்கமாகிவிட்டது. மடங்கும் அலுமினியக் குழாயை முழுதாக இழுத்து நீட்டாமல் விட்டால், ஒவ்வொரு சுருக்கத்திலும் எண்ணெய் தேங்கும். வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே 26 முதல் 30 அங்குலம். இன்னொன்று: எல்லாக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டால் சிம்னிக்கு இழுக்கக் காற்றே இருக்காது. எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் படியும். கண்ணாடிக் கதவு போடும் வீட்டில், சிலிண்டர் இருக்கும் இடத்தில் வெளிச்சுவரில் தரையை ஒட்டி 6 அங்குலத் துவாரம் வலையோடு அவசியம். மேலே உள்ள வென்டிலேட்டர் இதற்கு உதவாது.

கும்பகோணத்தில் வீடு கட்டி ஆறு வருடம் ஆகிறது. ஹாலில் ஊஞ்சல் வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார். கொக்கி போடாமல் விட்டுவிட்டோம். துளை போட்டு மாட்டலாமா?
வாசகர், கும்பகோணம்

மின்விசிறி மாட்டும் ஆங்கர் போல்ட்டில் ஊஞ்சலைத் தொங்கவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறோம். பலகையும் மூன்று பேரும் சேர்ந்து 250 கிலோ வரை வரும். ஆடும்போது பலகை கீழ்ப்புள்ளியைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் இழுவிசை அதற்கு மேலே போகும். ஒருவர் ஓரமாக உட்கார்ந்தால் பாரம் ஒரு பக்கக் கொக்கிகளிலேயே விழும். விரிந்து பிடிக்கும் சாதாரண போல்ட் இந்த முன்பின் அசைவில் மெல்ல மெல்லத் தளரும், வெளியே தெரியாது.

கான்கிரீட் போடும் முன்பே கம்பியில் கொக்கியைக் கோத்திருந்தால் கவலை இல்லை. கட்டி முடித்த வீட்டில் இரண்டு வழி. மேலே மொட்டை மாடி என்றால், தளத்தை முழுதாகத் துளைத்து, மேற்பக்கம் இரும்புத் தகடு வைத்து நட்டு முடுக்கலாம். எந்த இடத்தில் துளைப்பது, தகடு எவ்வளவு கனம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். தகட்டைச் சுற்றி நீர்க்காப்பு செய்யாவிட்டால் அடுத்த மழையில் கொக்கி வழியாகவே ஒழுகும். மேலே இன்னொரு வீடு இருந்தால், தரையில் நிற்கும் சட்டத்தோடு வரும் ஊஞ்சலை வாங்குங்கள். அம்மா ஆசையும் நிறைவேறும், கூரையும் பிழைக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, 8 அடிச் சங்கிலியில் மெதுவாக ஆடினாலே பலகை முன்னும் பின்னும் இரண்டே முக்கால் அடி போகும். பலகையின் அகலத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 8 அடி ஆழம் அதற்கே போய்விடும். அந்தப் பாதையில் கதவோ நடையோ இருக்கக் கூடாது. ஓடி வரும் குழந்தையின் நெற்றிக்கு நேரே பலகை விளிம்பு வரும். கூட்டம் வரும் நாளில் கழற்றி வைக்க வசதியாக, சங்கிலியைத் திருகாணி போட்டு மூடும் ஷேக்கிளில் மாட்டுங்கள். திறந்த 'எஸ்' கொக்கி வேண்டாம்.

'கமர்ஷியல் ப்ளைவுட் போதும்' என்கிறார் எங்கள் ஆசாரி. சமையலறைக்கும் அதுவே போதுமா?
வாசகி, மதுரை

படுக்கையறை அலமாரிக்குப் போதும். சமையலறைக்குப் போதாது. கமர்ஷியல் என்பது ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர எண்ணில் ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும் எம்.ஆர். ரகம். அதே எண்ணில் கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம் உண்டு, சமையலறைப் பெட்டிகளுக்கு அது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மட்டும் ஐ.எஸ். 710 எண்ணுள்ள மரைன் ப்ளைவுட். பலகையின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் எண்ணும் அச்சாகியிருக்கும். வெட்டும் முன்பு நீங்களே பாருங்கள்.

மைக்காவை வெளிப்பக்கம் 1 மி.மீ., உட்பக்கம் 0.8 மி.மீ. என இரு பக்கமும் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, மறுபக்கம் பெயின்ட் அடித்துவிட்டால் கதவு வில்லாக வளையும். 18 மி.மீ. தட்டு இரண்டரை அடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் நீண்டால், எவர்சில்வர் பாத்திர எடையில் நடுவில் தொய்யும். தரையிலிருந்து 4 அங்குலம் உயர்த்திப் பிளாஸ்டிக் கால்களில் நிறுத்தினால் வீடு கழுவும் தண்ணீர் பலகையைத் தொடாது, கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

தரையிலிருந்து கூரை ஒன்பதரை அடி. 12 அடி அகல ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போடலாமா?
வாசகர், தாம்பரம்

ஓரங்களில் மட்டும் இரண்டடி அகலத்துக்குப் போடுங்கள், நடுவை விட்டுவிடுங்கள். மின்விசிறி பழைய கொக்கியிலேயே தொங்கட்டும். ஜிப்சம் பலகை அதைத் தாங்காது. இறக்கைக்கும் கூரைக்கும் ஓரடி இடைவெளி இருந்தால்தான் காற்று வரும். 48 அங்குல விசிறியின் இறக்கை நடுவிலிருந்து 2 அடி போகும். விளக்கு அந்த வட்டத்துக்கு மேலே இருந்தால் சுவரெல்லாம் நிழல் துடிக்கும், தலைவலி வரும். ஓர விளக்குகளை 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் தனி சுவிட்சில் கொடுங்கள், விருந்து நாளுக்கு. பிள்ளைகள் படிக்க 4000 கெல்வின் வெள்ளை வெளிச்சத்தில் ஒரு டியூப் லைட் தனி சுவிட்சில்.

சாப்பாட்டு மேசை அருகே கை கழுவும் தொட்டியை எங்கே, எந்த உயரத்தில் வைப்பது?
வாசகி, சேலம்

வாசலில் நுழைகிறவர் கண்ணில் நேரே படாத பக்கச் சுவரில், 32 அங்குல உயரத்தில் வையுங்கள். 18 அங்குல அகலத்துக்குக் குறைந்த தொட்டி வாங்கினால் வாய் கொப்பளிக்கும் தண்ணீர் தரைக்கு வரும். இழுத்துப்போட்ட நாற்காலிக்கும் தொட்டிக்கும் நடுவே 3 அடி விடுங்கள். பந்தி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து அங்கேதான் வருவார்கள்.